அரசாங்கம் காணாமல்போன நாடு

அரசாங்கத்தை நம்பாதவர்களில் பல ரகம் உண்டு. பட்டா மாறுதலுக்காக மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் ‘கவனித்த’ பிறகே கையெழுத்து வாங்கியவரின் அவநம்பிக்கை ஒரு ரகம். அவருக்கு அரசாங்கம் வேண்டும். அது ஒழுங்காக நடந்தால் போதும். தங்களைக் குடிமக்களாகவே மதிக்காத அரசின்கீழ் வாழும் சிறுபான்மையினரின் அவநம்பிக்கை அதைவிட ஆழமானது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீ வைத்தவர்களில் போலீஸாரும் இருந்தார்கள் என்பது பரவலாகப் பதிவான செய்தி. அந்த நெருப்பைப் பார்த்தவர்களிடம், குறை இருந்தால் போலீஸில் புகார் கொடுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. இவர்களைத் தவிர, யார் ஆண்டாலும் ஆட்சி என்பதே அடக்குமுறைதான் என்று கொள்கையாகவே மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அரசாங்கம் இல்லாமல் மக்கள் வாழவே முடியாதா என்று நேருக்கு நேர் கேட்டவர்கள் இவர்கள்தான்.

அவநம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிடுவது ஆட்சியில் இருப்பவர்களுக்கு வசதி. பெரும்பாலும் அது பட்ட அனுபவத்தால் வருவது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. வட மாநிலங்களில் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்குக்கூட இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கொண்டுவராதவர்களுக்குச் சம்பளம் நின்றது. கால் நூற்றாண்டு கழித்து உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்களைப் பல வீடுகளில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைப்பேறு இல்லாமல் செய்யத்தான் இந்த மருந்து என்று வதந்தி பரவியிருந்தது. வதந்தி பொய். அது எடுபட்டதற்குப் பழைய நினைவும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடுமை. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ வட்டாரத்தில் 1932இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களிடம், ரத்தம் கெட்டிருக்கிறது, இலவசமாக வைத்தியம் பார்க்கிறோம் என்றார்கள். உண்மையில் வைத்தியமே பார்க்காவிட்டால் நோய் எப்படி முற்றும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1940களில் பென்சிலின் வந்து நோய் குணமாகும் என்று ஆன பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. 1972இல் பத்திரிகையில் விஷயம் வெளிவரும்வரை, 40 ஆண்டுகள், இது நடந்தது. விஷயம் வெளியானபின் கறுப்பின ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதே குறைந்தது என்று பின்னாளில் பொருளியல் ஆய்வொன்று கணக்கிட்டுக் காட்டியது. 1997இல் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அந்த 399 பேரில் பெரும்பாலோர் இறந்துபோயிருந்தார்கள்.

இத்தகைய கதைகளைக் கேட்கும் எவருக்கும், இந்த அரசாங்கம் கெட்டதா அல்லது அரசாங்கம் என்பதே கெட்டதா என்ற சந்தேகம் எழும். தத்துவவாதிகள் இதில் இரண்டு கட்சியாக நின்றார்கள். உள்நாட்டுப் போரில் இங்கிலாந்து சீரழிந்ததைக் கண்ட தாமஸ் ஹாப்ஸ், மேலே ஓர் அதிகாரம் இல்லாவிட்டால் மனிதர் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சாவார்கள் என்று 1651இல் ‘லெவியதான்’ நூலில் வாதிட்டார். ரஷ்யாவில் பிரபு வம்சத்தில் பிறந்து அரசின் எதிரியாக மாறிய பீட்டர் குரோபோட்கின், ஒருவருக்கொருவர் உதவுவதுதான் உயிர்களின் இயல்பு, அதற்கு மேலே ஒருவர் கம்போடு நிற்க வேண்டியதில்லை என்று 1902இல் எழுதினார். காந்திகூட 1916இல் காசியில் பேசும்போது தானும் ஒருவகை அராஜகவாதிதான் என்று சொல்லி மேடையில் இருந்தவர்களைத் திடுக்கிட வைத்தார். எல்லாம் வாதமாகவே இருந்தன. ஒரு நாட்டின் அரசாங்கத்தை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாதே. 1991இல் சோமாலியாவில் அது தானாகவே நடந்தது.

மொகதிஷுவில் நடந்தது

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கோடியில், கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் நிலப்பகுதி சோமாலியா. பிரிட்டனிடமிருந்த வடபகுதியும் இத்தாலியிடமிருந்த தென்பகுதியும் 1960இல் விடுதலை பெற்று ஒன்றாயின. 1969இல் அதிபர் சுட்டுக் கொல்லப்பட்டதும் ராணுவ அதிகாரி சியாத் பார்ரே ஆட்சியைப் பிடித்தார். அவருடைய ஆரம்ப ஆண்டுகளைக் குறை சொல்ல முடியாது. அதுவரை அதிகாரபூர்வ எழுத்து வடிவம் இல்லாதிருந்த சோமாலி மொழிக்கு 1972இல் லத்தீன் எழுத்துகளைத் தேர்ந்து, மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கச் செய்தார். எத்தியோப்பியாவோடு 1977–78இல் நடத்திய போரில் தோற்ற பிறகு அவருடைய ஆட்சி சுற்றத்தார் ஆட்சியாகக் குறுகியது.

சோமாலி மக்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் மொழி ஒன்று, மதம் ஒன்று. பிரிவு குலத்தில்தான் இருக்கிறது. வடக்கே இசாக் குலத்தவர் ஆயுதம் ஏந்தியபோது, 1988இல், பார்ரே அவர்களுடைய பெரிய நகரமான ஹர்கெய்சாவைக் குண்டுவீசி அழித்தார். விமானங்கள் வேறெங்கிருந்தோ வரவில்லை. ஊரின் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி, ஊர்மேல் குண்டு போட்டுவிட்டு, அங்கேயே இறங்கிக் குண்டு நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்பின. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். லட்சக்கணக்கானோர் எத்தியோப்பிய எல்லையைத் தாண்டி ஓடினார்கள்.

1991 ஜனவரியில் கிளர்ச்சிப் படைகள் தலைநகர் மொகதிஷுவுக்குள் நுழைந்தன. பார்ரே தப்பி ஓடினார். வென்றவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதில் அடுத்த அரசாங்கம் அமையவே இல்லை. அமைச்சக அலுவலகங்களில் மின்கம்பி முதற்கொண்டு பெயர்த்து எடுத்துப்போனார்கள். போரும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் சேர்ந்து 1992 முடிவதற்குள் சுமார் 3 லட்சம் பேரைக் கொண்டுபோயின என்பது பொதுவான மதிப்பீடு. அமெரிக்கப் படையும் ஐ.நா. படையும் வந்தன. 1993 அக்டோபரில் ஒரே சண்டையில் 18 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்ததும் வந்தவர்களுக்கு ஆர்வம் போயிற்று. 1995 மார்ச்சில் ஐ.நா.வும் மூட்டை கட்டியது. முறையான மத்திய அரசு ஒன்று மறுபடி அமைந்தது 2012இல். இடையில் வெளிநாட்டு ஓட்டல்களில் மாநாடு கூட்டி அமைத்த ‘இடைக்கால’ அரசுகளுக்குத் தலைநகரின் சில தெருக்களுக்கு அப்பால் செல்வாக்கு இல்லை.

ஹாப்ஸ் சொன்னது சரி என்று இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடத் தோன்றும். ஆனால் 1995க்குப் பிறகு நடந்தது அத்தனை நேரானதல்ல.

சண்டை ஓய்ந்த இடங்களில் கடைகள் திறந்தன. உரிமம் வாங்க வேண்டிய அலுவலகமே இல்லாததால் யார் வேண்டுமானாலும் தொலைபேசி நிறுவனம் தொடங்கலாம் என்றானது, பலர் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவிலேயே வெளிநாட்டுக்கு மலிவாகப் பேசக்கூடிய இடங்களில் ஒன்றாக மொகதிஷு ஆயிற்று. தெருத்தெருவாக ஜெனரேட்டர் வைத்து மின்சாரம் விற்றார்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் வந்தன. 2004இல் கோகோ கோலா ஆலைகூட ஒன்று திறந்தது. லண்டனிலும் துபாயிலும் அமெரிக்காவின் மின்னியாபொலிஸிலும் வேலைபார்க்கும் சோமாலிகள் அனுப்பும் பணம், நம் ஊரில் உண்டியல் என்று சொல்கிற வழியில், வங்கியே இல்லாத நாட்டின் கடைசிக் கிராமம்வரை ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்தது. பணம் வாங்க வருபவர் அடையாள அட்டை காட்ட வேண்டியதில்லை. எந்தக் குலம், எந்தக் கிளை, பாட்டனார் யார் என்ற கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் போதும்.

2007இல் பீட்டர் லீசன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், பார்ரே ஆட்சியின் கடைசி ஆண்டுகளையும் அரசில்லாத ஆண்டுகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். சராசரி ஆயுள், குழந்தை இறப்பு, தொலைபேசி வசதி என்று அவர் எடுத்துக்கொண்ட அளவுகளில் பெரும்பாலானவை அரசு போன பிறகு மேம்பட்டிருந்தன. கட்டுரை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு: குடிமக்கள்மேல் குண்டு போடும் அரசாங்கத்தைவிட அரசாங்கம் இல்லாமல் இருப்பது மேல். இரண்டு கேடுகளில் எது பெரிது என்பதற்கு இது பதிலாகலாம். நல்லது எது என்பதற்கு ஆகாது.

நோட்டும் ஒட்டகமும்

சோமாலியாவில் மத்திய வங்கி சூறையாடப்பட்ட பிறகும் சோமாலி ஷில்லிங் நோட்டு செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. நோட்டுக்குப் பின்னால் நிற்க அரசும் இல்லை, கள்ளநோட்டு அடிப்பவனைப் பிடிக்கப் போலீஸும் இல்லை. ஆனாலும் சந்தையில் காய்கறிக்காரி வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து அடுத்தவர் வாங்கிக்கொண்டார். பணம் என்பது மக்களின் பரஸ்பர நம்பிக்கையே தவிர வேறில்லை என்று வாதிடுவோருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சாட்சி அதோடு நிற்கவில்லை. ஆயுதக் குழுத் தலைவர்களும் வியாபாரிகளும் வெளிநாட்டு அச்சகங்களில் கட்டுக்கட்டாக நோட்டு அடித்துக் கப்பலில் இறக்கினார்கள். நோட்டின் மதிப்பு விழுந்துகொண்டே போய், 1,000 ஷில்லிங் நோட்டு அமெரிக்கப் பணத்தில் மூன்று நான்கு சென்ட் என்ற அளவில் வந்து நின்றது. அங்கே நின்றதற்குக் காரணம் சுவையானது: அதற்குக் கீழே போனால் அச்சடிக்கும் செலவுக்கே கட்டுப்படியாகாது. சில்லறை நோட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்து கடைசியில் 1,000 ஷில்லிங் நோட்டு ஒன்றே புழக்கத்தில் மிஞ்சியது. புழங்கும் நோட்டுகளில் சுமார் 98 சதவீதம் போலி என்று சர்வதேச நாணய நிதியம் 2017 வாக்கில் மதிப்பிட்டது. பெரிய வியாபாரம் எல்லாம் டாலருக்குப் போயிற்று. பிறகு செல்போன் நிறுவனங்கள் போன் வழியாகவே டாலர் அனுப்பும் வசதியைக் கொண்டுவர, தெருவோர டீக்கடைவரை அதுவே பணமாயிற்று. அரசு இல்லாமல் பணம் உயிர் வாழ்ந்தது உண்மை. கூலிக்காரர் நோட்டாகச் சேர்த்துவைத்திருந்த சேமிப்பு உயிர் வாழவில்லை என்பதும் உண்மை.

சட்டத்தின் கதையும் இதேபோலத்தான். அரசு போனதால் சட்டம் போய்விடவில்லை. ‘ஹேர்’ எனப்படும் குல வழக்காறு பல தலைமுறைகளாக அங்கே உண்டு. ஒருவரைக் கொன்றால், கொன்றவரின் குலக் கிளை மொத்தமும் சேர்ந்து இறந்தவரின் கிளைக்கு 100 ஒட்டகம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். மரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்து நாள்கணக்கில் பேசித் தீர்ப்பார்கள். ஒருவன் செய்ததற்கு எல்லாரும் ஒட்டகம் கொடுக்க நேர்வதால், முரடனைக் கட்டுப்படுத்தும் வேலையை அவன் சொந்தக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். போலீஸ் இல்லாத நாட்டில் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

ஒரே ஒரு சிக்கல். இரண்டு பக்கமும் சம பலம் இருந்தால்தான் இது நடக்கும். பெரிய குலத்தான் சின்னக் குலத்தானைக் கொன்றால் ஒட்டகம் கேட்கப் போகும் தைரியம் யாருக்கு? ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரைகளில் விவசாயம் செய்துவந்த பாண்டு மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பெரிய குலங்கள் எதிலும் அவர்களுக்கு இடமில்லை. 1991க்குப் பிறகு அவர்களுடைய தானியக் குதிர்களை ஒவ்வொரு படையும் மாறி மாறிக் கொள்ளையடித்தது. கென்யாவின் அகதி முகாம்களுக்கு ஓடியவர்களில் சுமார் 12,000 பேரை 2003 முதல் அமெரிக்கா ஏற்றுக் குடியமர்த்தியது. பெண்கள் நிலையும் மோசம். பெண்ணின் உயிருக்கு 50 ஒட்டகம், ஆணின் உயிருக்குக் கொடுப்பதில் பாதி. பலாத்காரத்துக்கு ஆளானவளை அதே ஆளுக்குக் கட்டிவைத்து இரு குலத்துக்கும் சமாதானம் பேசி முடித்த பஞ்சாயத்துகள் உண்டு. கட்டப்பஞ்சாயத்தைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. குரோபோட்கின் கண்ட பரஸ்பர உதவி சோமாலியாவில் நிறையவே இருந்தது, குலத்துக்குள் இருந்தது.

சாலையில் கட்டிய கயிறு

‘இஸ்பாரோ’ என்பது சோமாலியாவில் எல்லாருக்கும் தெரிந்த சொல். சாலையின் குறுக்கே ஒரு கயிறு, அல்லது இரண்டு டிரம். பக்கத்தில் துப்பாக்கியோடு நான்கு இளைஞர்கள். போகிற லாரி பணம் கொடுத்தால்தான் கயிறு இறங்கும். சற்றுத் தூரம் போனால் இன்னொரு குழுவின் கயிறு. வரி கொடுக்காத நாடு என்று வெளியிலிருந்து சிலர் புகழ்ந்த இடத்தில் லாரிக்காரர் ஊருக்கு ஊர் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு என்பது அந்தந்த நாளின் பசியைப் பொறுத்தது.

மான்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1993இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஊர் ஊராகத் திரியும் கொள்ளைக்காரன் இன்று கிடைப்பதை முழுதும் அள்ளிக்கொண்டு போவான். நாளை அந்த ஊர் என்னவானாலும் அவனுக்குக் கவலையில்லை. ஒரே ஊரில் நிலையாக உட்கார்ந்துவிட்ட கொள்ளைக்காரனோ கொஞ்சம் விட்டுவைப்பான். அடுத்த ஆண்டும் வசூலிக்க வேண்டும் என்பதால் விதைநெல்லைத் தொடமாட்டான். வேறு கொள்ளைக்காரர்கள் வராமல் காவலும் காப்பான். அரசு என்பது இப்படித்தான் பிறந்தது என்றார் ஓல்சன். நல்லெண்ணம் எதையும் எதிர்பார்க்காத விளக்கம் இது. சோமாலியாவில் அடுத்து நடந்தது அவர் சொன்னபடியேதான் இருந்தது.

கப்பம் கட்டி அலுத்துப்போன மொகதிஷு வியாபாரிகள் 1990களின் இறுதியில் ஆயுதக் குழுக்களுக்குக் கொடுத்த பணத்தை நிறுத்தி, பேட்டைதோறும் இருந்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் காவல்படைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2006இல் அந்த நீதிமன்றங்கள் ஒன்றுசேர்ந்து நகரையே பிடித்தன. கயிறுகள் அவிழ்ந்தன. 1995 முதல் மூடிக்கிடந்த துறைமுகம் திறந்தது. கூடவே சினிமாவுக்கும், அந்த ஆண்டின் உலகக் கோப்பைக் கால்பந்தை ஊர்கூடிப் பார்ப்பதற்கும் பல இடங்களில் தடை வந்தது. ஆறு மாதத்தில் எத்தியோப்பியப் படை வந்து அந்த ஆட்சியைக் கலைத்தது. அதன் சிதறலிலிருந்து அல்ஷபாப் பயங்கரவாத இயக்கம் பலம் பெற்றது. கண்மூடித்தனமாகக் குண்டு வைக்கும் அந்த இயக்கம் சாலையில் வாங்கும் பணத்துக்கு ரசீது கொடுக்கிறது. அந்த ரசீதைக் காட்டினால் அடுத்த சாவடியில் மறுபடி கேட்பதில்லை. அரசுத் தரப்பின் சாவடிகளில் ரசீதும் இல்லை, கணக்கும் இல்லை என்று லாரிக்காரர்கள் புலம்புவது ஆய்வறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. ஒழுங்கு கிடைக்காத இடத்தில் மக்கள் அதை யாரிடமிருந்து வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகிவிடுகிறார்கள் என்பதுதான் இதிலுள்ள கவலைக்குரிய செய்தி.

வியாபாரிகள் காசு போட்டாலும் வாங்க முடியாத சங்கதிகளும் உண்டு. கடலைக் காக்க ஆளில்லை என்று தெரிந்ததும் வெளிநாட்டு இழுவைப் படகுகள் சோமாலியக் கரையோரத்தை அரித்தெடுத்தன. மீனவர் சிலர் படகுகளை மறித்துப் பணம் பறிக்க ஆரம்பித்தது, 2008 வாக்கில் எண்ணெய்க் கப்பல்களையே கடத்தும் தொழிலாக வளர்ந்தது. தெற்கே வேல மரங்கள் கரியாகி வளைகுடா நாடுகளுக்குப் போயின, 2012இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் சோமாலியக் கரிக்கே தடை போட்டது. பொதுச் சொத்தை ஊர்மக்களே கூடிக் காக்க முடியும் என்று எலினார் ஆஸ்ட்ரோம் பல நாடுகளின் பாசன முறைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து காட்டி, 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். நம் குடிமராமத்தும் அந்த வகைதான். ஆனால் அவர் சொன்ன நிபந்தனைகளில் ஒன்று, ஊராரின் விதிகளை வெளியார் வந்து மிதிக்காமல் இருக்க வேண்டும் என்பது. துப்பாக்கி ஏந்திய படகு வரும்போது மீனவர் சங்கத்தின் விதி எடுபடாது.

அரசின் தேவையை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது 2011. அந்த ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க மழை பொய்த்தது. எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் கால்நடைகள் மடிந்தன. மக்கள் பட்டினி கிடந்தார்கள். ஆனால் எத்தியோப்பிய அரசு 2005 முதல் நடத்திவந்த வேலைக்கு உணவு, வேலைக்குப் பணம் திட்டம் லட்சக்கணக்கான குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தது. அது ஜனநாயக அரசு அல்ல. அதை நம்பாதவர்கள் அந்நாட்டில் ஏராளம். இருந்தும் பஞ்சம் என்று ஐ.நா. அறிவிக்க நேர்ந்தது தெற்கு சோமாலியாவில் மட்டுமே. அல்ஷபாப் தன் பகுதிக்குள் உணவு உதவி அமைப்புகள் பலவற்றை விடவில்லை. உணவு கொண்டுபோக வேறு அமைப்பும் இல்லை. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல்வரை சுமார் 2,58,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

ஹர்கெய்சாவின் வழி

அதே வறட்சியில் வடக்கு சோமாலியாவில் பஞ்சம் வரவில்லை. காரணங்கள் பல, அவற்றில் ஒன்று, அங்கே ஓர் அரசாங்கம் இருந்தது. எந்த ஊர்மேல் 1988இல் சொந்த நாட்டு விமானங்கள் குண்டு போட்டனவோ அந்த ஹர்கெய்சாதான் அதன் தலைநகர். அரசாங்கத்தை வெறுக்க உலகில் யாருக்காவது முழு உரிமை உண்டென்றால் அது இந்த ஊராருக்கு உண்டு. அவர்களோ 1991 மே மாதத்திலேயே சோமாலிலாந்து என்று தனியாகப் பிரிந்து, தங்களுக்கென ஓர் அரசை உண்டாக்க உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தார்கள் என்பது நிஜமாகவே. 1993இல் போராமா என்ற ஊரில் குலப் பெரியவர்கள் நான்கு மாதத்துக்கும் மேலாகக் கூடிப் பேசினார்கள். யாரும் யாரையும் நம்பவில்லை. அந்த நம்பாமையை மறைக்கவும் இல்லை. எந்தக் குலமும் மற்றக் குலங்களை மிதித்துவிடாதபடி குலப் பெரியவர்களுக்கென்றே ‘குர்த்தி’ என்ற மேலவையை வைத்தார்கள். ஆயுதக் குழுக்களை விரட்டாமல் சம்பளம் கொடுத்துப் படையாகவும் போலீஸாகவும் மாற்றினார்கள். சம்பளத்துக்குப் பணம் பெர்பெரா துறைமுகம் வழியாக ஆடு, ஒட்டகம் ஏற்றுமதி செய்யும் வியாபாரிகளிடமிருந்துதான் வர வேண்டியிருந்தது. அப்போது உலகம் அங்கீகரிக்காத நாடு என்பதால் வெளிநாட்டுக் கடன் கிடைக்கவில்லை. ஆகவே புதிய ஆட்சி வியாபாரிகளிடம் பேரம் பேசித்தான் வரி வாங்க வேண்டியிருந்தது. வியாபாரிகளும் பதிலுக்கு நிபந்தனை போட்டார்கள். வெளியிலிருந்து பணம் கொட்டிய மொகதிஷுவின் இடைக்கால அரசுகளுக்கு மக்களிடம் கை நீட்ட வேண்டிய அவசியமே இல்லாததால்தான் அவை மக்களுக்குப் பதில் சொல்லவும் இல்லை என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். இது யோசிக்க வேண்டிய வாதம்.

நம்பாமையையே விதியாக எழுதிவைப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்களைப் பட்டியலிடுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. பினாமியாக உறவுக்காரன் வருவான் என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே யாரோ கணித்திருக்கிறார்கள். அரசு அலுவலகத்தின் கோப்பைக் கேட்டுப் பார்க்கும் உரிமைக்கு இந்திய மாநிலங்களில் முதலில் சட்டம் போட்டதும் தமிழ்நாடுதான், 1997இல். விதிவிலக்குகள் மிகுந்த அந்தச் சட்டம் நடைமுறையில் பெரிதாக உதவவில்லை. 2005இல் மத்திய அரசின் தகவல் உரிமைச் சட்டம் வந்தபிறகே கேட்டால் பதில் வரும் நிலை உருவானது. இப்படிக் கேட்கிறவர்கள் அரசாங்கம் வேண்டாம் என்பவர்கள் அல்லர். நம்பாததால்தான் கேட்கிறார்கள்.

சோமாலிலாந்துக்கு உண்மையான சோதனை 2003இல் வந்தது. அதிபர் தேர்தலில் ஆட்சியில் இருந்தவர் ஜெயித்ததாகத் தேர்தல் ஆணையம் அறிவித்த வித்தியாசம் வெறும் 80 வாக்கு. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்த நாட்டில், தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர் சிலான்யோ வழக்குப் போட்டார், வழக்கிலும் தோற்றார், பொறுத்திருந்தார். 2010 தேர்தலில் ஜெயித்து அதிபரானார். 2024இலும் எதிர்க்கட்சி வென்று ஆட்சி அமைதியாகவே கைமாறியது. ஆனால் தேர்தல்கள் பலமுறை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்பட்டிருக்கின்றன. குர்த்தி மேலவைக்கு ஒருமுறைகூடத் தேர்தல் நடந்ததில்லை. உறுப்பினர் இறந்தால் பெரும்பாலும் அவர் குடும்பத்தவரே அந்த இடத்துக்கு வருகிறார். விமர்சித்து எழுதிய பத்திரிகையாளர்கள் கைதாவதும் நடக்கிறது.

கிழக்கு எல்லையில் லாஸ் அனோத் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரும்பான்மையினர் துல்பகாந்தே குலத்தவர். போராமாவில் உருவான அரசு இசாக் குலத்தாரின் அரசு என்றும் தங்களுக்கு அதில் பங்கில்லை என்றும் அவர்களில் பலர் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். 2022இன் இறுதியில் உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் கொல்லப்பட்டதும் ஊர் தெருவில் இறங்கியது. 2023 பிப்ரவரியில் பெரியவர்கள் கூடி, சோமாலிலாந்தோடு இனி இல்லை, மொகதிஷு அரசோடு போகிறோம் என்று அறிவித்தார்கள். ஹர்கெய்சா படை அனுப்பியது. மாதக்கணக்கில் ஊர்மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன, ஆஸ்பத்திரிமேலும் விழுந்தன. லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் எத்தியோப்பிய எல்லையைத் தாண்டினார்கள். ஆகஸ்டில் சோமாலிலாந்துப் படை அங்கிருந்து துரத்தப்பட்டது. அதற்குப் பிறகு லாஸ் அனோத்தார் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தங்களுக்கென ஒரு நிர்வாகத்தை அமைத்துக்கொண்டது.